நீனா பாவ்லவ்னாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடு

அன்பு மகன் செழியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கடிதம் வரும் வரைக்கும் நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருந்தோம். நேற்று வாசலில் நெல் காயப் போட்டிருந்தேன். தபால்காரர் சைக்கிளை நெல்லின் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்து, மாஸ்கோ தபால் என்று நீட்டினார். நீ இருப்பது வரோனெஷ் என்று நானும் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இந்த ஊரைப் பொறுத்தவரை நீ மாஸ்கோவில்தான் இருக்கிறாய். உன் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தார். பனி கொட்டுகிறது, காதுவரை குல்லாய் போட்டுக்கொள்கிறேன் என்று நீ எழுதியிருந்த வரைக்கும் அவர் குரல் நன்றாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் இறங்கிவிட்டது. ரஷ்யன் எனக்கு வரவில்லை, வாயே திறக்க மாட்டேன் என்கிறது, மே மாதம் வாய்மொழித் தேர்வு, அதில் தோற்றால் அவர்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்கு முன்னால் நானே ஊருக்கு வந்துவிடுகிறேன், என்னை அனுப்பிவைத்த விவசாயச் சங்கத்தில் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தாய். அப்பா தாளை மடித்து என் மடியில் வைத்தார். வரட்டும், பாவம், பிள்ளை வாடிப்போயிருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டு வைக்கோல் போர் பக்கம் போனார். மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை.

நான் உன்னை வா என்று சொல்லப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கடைசி வரைக்கும் தேடித்தேடிப் படிக்க வேண்டாம். உன் அப்பா இளகின மனசுக்காரர். மேடையில் சிங்கம் மாதிரி கர்ஜிப்பார், வீட்டில் கன்றுக்குட்டிக்கு மாத்திரை கொடுக்கச் சொன்னால் அது முகத்தைச் சுளிக்கிறது என்று விட்டுவிடுவார். இந்த வீட்டில் கெட்ட பெயர் எடுக்க ஒருத்தி வேண்டும் அல்லவா, அது நான். நீர்ப்பாசனம் படிக்கப் போகிறேன், திரும்பி வந்து கடைமடை வரைக்கும் தண்ணீர் போக வழி செய்வேன் என்று இதே வாசலில் நின்று சொன்னாய். ஊரே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து வழியனுப்பியது. இப்போது வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று எழுதுகிறாய். கோபம்தான் வந்தது எனக்கு. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு நான் தனியாக உட்கார்ந்து மறுபடி படித்தேன். உன் அப்பா வேகமாகத் தாண்டிப் போன ஓர் இடம் அதில் இருந்தது. எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே நீதான் முதல். உனக்குப் பக்கத்துக் கட்டில் வியட்நாம் பையன் தப்புத் தப்பாகப் பேசுகிறான், ஆனாலும் எல்லோரும் அவனோடுதான் சிரிக்கிறார்கள். நீனா பாவ்லவ்னா டீச்சருக்கு மட்டும் உன்னைப் பிடிக்கவில்லை. வந்த புதிதில் மேடம் என்று கூப்பிட்டாய். இங்கே மேடம் கிடையாது, பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். அம்மா வயசு அவருக்கு, எப்படியப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று எழுதியிருக்கிறாய். அவராக நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் மேஜை பக்கத்தில் நிற்பாயாம். இப்போது அவர் நிமிர்வதையே விட்டுவிட்டாராம். இதைப் படித்ததும் கோபமெல்லாம் எங்கே போனதோ, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உனக்கு ரஷ்யன் வராமல் இல்லை, தம்பி. உனக்கு வந்திருப்பது என் வியாதி. அதற்கு மருந்தும் எனக்குத் தெரியும்.

நான் ரஷ்யன் பேசுவேன் என்று ஊரில் யாராவது சொன்னால் நீ கூச்சப்பட்டு நெளிவாய். அம்மாவுக்கு நாலு வார்த்தை தெரியும், அவ்வளவுதான் என்பாய். இருக்கட்டும். அந்த நாலு வார்த்தை எப்படி வந்தது என்று உனக்கு முழுசாக நான் சொன்னதில்லை. நீ அப்போது இடுப்பில் இருந்தவன். கழக ஆட்சி வந்த புதிது. ஊரெங்கும் கூலிச் சண்டை. அறுப்புக் கூலியை ஏற்றிக் கேட்டு ஆட்கள் ஒரு பக்கம், வெளியூர் ஆளை இறக்கி அறுத்துக்கொள்வோம் என்று மிராசுதார்கள் ஒரு பக்கம், நடுவில் போலீஸ் லாரி. குத்தகைக்குப் பயிர் வைக்கிற நம்மைப் போன்றவர்கள் யார் பக்கமும் பேசாமல் வாயை மூடிக்கொண்டிருந்தோம். உன் அப்பா மட்டும் மூடவில்லை, ஆட்களோடு போய் நின்றார். அந்தச் சமயத்தில்தான் பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க அரசாங்கத்தில் இரும்புக் கோபுரம் நட்டார்கள். கோயில் கோபுரத்தைவிட உயரம். அதை இயக்கிக் காட்ட ரஷ்யாக்காரர்கள் வந்து, வேலி போட்ட வீடுகளில் குடும்பத்தோடு தங்கினார்கள். எஞ்சினியர் ஒருவரின் சம்சாரம் ஒரு நாள் குடையைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் முகமெல்லாம் பழுத்துப்போய், நம் வீட்டு வரப்பில் வந்து நின்றார். மாட்டைக் காட்டினார். மலாகோ என்றார். பால் வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

கறந்து கொடுக்கலாம் என்று உட்காரப் போனால் என்னைத் தள்ளிவிட்டு அவரே உட்கார்ந்துவிட்டார். அந்த மாடு என் கையைத் தவிர யார் கை பட்டாலும் உதைக்கும். அன்றைக்கு உதைக்கவில்லை. அவரும் கூட்டுப்பண்ணைக் கிராமத்தில் மாட்டுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவராம், அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தினமும் வர ஆரம்பித்தார். மாடு என்றால் கரோவா, தண்ணீர் என்றால் வதா, நன்றாக இருந்தால் ஹரஷோ. புத்தகம் இல்லை, எழுத்து இல்லை, இன்றைக்கும் ஓர் எழுத்து எனக்கு அதில் தெரியாது. வைக்கோலைத் தூக்கினால் வைக்கோலுக்குப் பெயர், கயிற்றை அவிழ்த்தால் கயிற்றுக்குப் பெயர். கை ஒரு வேலை செய்துகொண்டே இருக்கும், வாய் கூடவே போகும். ரஷ்யா முகாமுக்குச் சாமான் போட்டுக்கொண்டிருந்த கூத்தாநல்லூர் காசிம் பாயை உனக்கு நினைவிருக்கும். மலேயாவில் கடை வைத்துவிட்டுத் திரும்பியவர், போன ஊர் பாஷையெல்லாம், முகாமில் பிடித்துக்கொண்ட ரஷ்யனையும் சேர்த்துப் பேசுவார், எதிலும் இலக்கணம் கிடையாது. நான் வெட்கப்பட்டு முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "தப்பாப் பேசுங்க தங்கச்சி, பரவாயில்லை. ஆனா சத்தமாப் பேசுங்க. முணுமுணுத்தா சரியாச் சொன்னதும் அவங்க காதுல விழாது."

ஆனால் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் ஒன்று மட்டும் என் வாயில் வரவில்லை. அவர் பெயர். என்னைவிட மூத்தவர், எஞ்சினியர் சம்சாரம், பெயர் சொல்லலாமா? அக்கா என்றால் அவருக்குப் புரியாது. அம்மா என்றால் அவர்கள் பாஷையில் அது பெற்றவளுக்கு மட்டும் சொல்வது. அதனால் கூப்பிடாமலேயே காலத்தை ஓட்டினேன். முகாமுக்குப் பால் கொண்டுபோனால் வேலிக்கு வெளியே நின்று தூக்குவாளி மூடியை டக் டக் என்று தட்டுவேன். அவர் எட்டிப் பார்ப்பார், கொடுத்துவிட்டு வருவேன். பேசுவதெல்லாம் பேசுவேன், கூப்பிட மட்டும் மாட்டேன். நம் வீட்டில் உன் அப்பாவை என்னங்க, இந்தாங்க என்று கூப்பிட்டே குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. திடீரென்று அவர் வருவதை நிறுத்திவிட்டார். மூடியைத் தட்டினால் வேலைக்காரப் பெண் வந்து பால் வாங்கிக்கொண்டு போனாள். பாலில் தண்ணீர் கலந்தேன் என்று யாராவது கோள் மூட்டிவிட்டார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காசிம் பாயைப் பிடித்து என்னவென்று கேட்டு வரச் சொன்னேன். அவர் என்னையும் கையோடு கூட்டிக்கொண்டே போய்விட்டார்.

அந்த அம்மா படியில் நின்றுகொண்டு மூக்கு சிவக்கச் சிவக்க ஏதோ சொன்னார். காசிம் பாய் என் பக்கம் திரும்பி, "'இவ்வளவு நாளாப் பழகுறேன், ஒரு தடவைகூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலை, என் பேர் அவ்வளவு கசக்குதா'ன்னு கேக்குறாங்க தங்கச்சி" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மரியாதைக்குத்தான் கூப்பிடவில்லை என்று காசிம் பாயை விட்டுச் சொல்லச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. பேச்சு இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்தது. கடைசியில் விஷயம் இதுதான்: அவர்கள் ஊரில் மரியாதை என்றால் ஒருவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வது. இவர் பெயர் கலீனா. அப்பா பெயர் ஸ்தெபான். அதனால் கலீனா ஸ்தெபானவ்னா. ஸ்தெபான் உலகச் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. மகளுக்கு அப்போது நினைவு தெரியாத வயசு, முகம்கூட ஞாபகம் இல்லை. யாராவது தன்னைக் கூப்பிடும்போதெல்லாம் அப்பாவும் கூட வந்து நிற்பதுபோல இருக்கும், அப்பாவிடமிருந்து தனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான் என்று சொன்னார்.  நான் அங்கேயே அழுதுவிட்டேன். வேலிக்கு வெளியே நின்று மூடியைத் தட்டினேனே, எதைத் தட்டினேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சரி, கூப்பிட்டுவிடலாம் என்றால் நாக்கு ஒத்துழைக்கவில்லை. ஸ்தெ என்று ஆரம்பிப்பதற்குள் இஸ் இஸ் என்று பாம்புபோல் சீறிக்கொண்டு நின்றேன். மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அப்பா கேட்டுவிட்டு, மாட்டுக்குப் பெயர் மாற்றிவிட்டாயா என்றார். மறுபடி பால் கொண்டுபோன அன்று மூடியைத் தட்டவில்லை. வேலியைத் திறந்து உள்ளே போய், கண்ணை மூடிக்கொண்டு, கலீனா ஸ்தெபானவ்னா என்று கத்தினேன். கத்தினேன் என்றால் நடவு வயலில் நாற்றுக் கட்டு வேண்டும் என்று கத்துவோமே, அந்தக் கத்தல். கையெல்லாம் மாவோடு ஓடி வந்தார். அப்படியே என்னைக் கட்டிக்கொண்டார், ரவிக்கை முழுக்க மாவு. அன்றிலிருந்துதான் எனக்கு ரஷ்யன் வந்தது என்று வைத்துக்கொள். அதுவரை தெரிந்ததெல்லாம் மாட்டுக்கொட்டகைச் சாமான்களின் பெயர்தான். பிறகு அவர் தன் மாமியார் கதையைச் சொன்னார், நான் என் நாத்தனார் கதையைச் சொன்னேன். பாதி புரியாவிட்டாலும் நாத்தனார் கதை எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது, சரியான இடத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு உன் பக்கம் திரும்பினார். பையனை முழுப் பெயரில் கூப்பிட வேண்டும், அப்பா பெயர் என்ன என்று கேட்டார். அங்கே மாட்டிக்கொண்டேன். உன் அப்பா பெயரை நான் எப்படிச் சொல்வது? எங்கள் கல்யாணம் ஐயர் இல்லாமல், மேடையில் மைக் வைத்து நடந்தது. பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அடிமைத்தனம் ஒழிய வேண்டும் என்று அந்த மேடையிலேயே ஒருவர் பேசினார். உன் அப்பா கை தட்டினார். நானும் தட்டினேன். ஆனால் மேடையை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்ததும் வாய் பழைய வாய்தான். கலீனா கேட்டபோது, சுவாமிமலை சாமி பெயர் என்று ஜாடையாகச் சொன்னேன். நம் பெண்களுக்கு அது போதும், பக்கத்தில் இருப்பவள் எடுத்துச் சொல்லிவிடுவாள். காசிம் பாய்தான் சிரித்துக்கொண்டே, சாமிநாதன் என்று சொன்னார். உடனே கலீனா உன்னைத் தூக்கிக்கொண்டு, செலியன் சாமிநாதனோவிச் என்றார். ழ அவருக்குக் கடைசிவரை வரவில்லை. உனக்கு அந்தப் பெயர் என்னவோ பிடித்துவிட்டது. சும்மா செழியா என்றால் திரும்ப மாட்டாய், அப்படிக் கூப்பிட்டால் எங்கே இருந்தாலும் ஓடி வருவாய். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். அது உன் பெயர்தானே, அவர் பெயர் இல்லையே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன்.

அந்த அறுப்பில்தான் உன் அப்பாவை ஆட்களோடு சேர்த்துப் பிடித்துத் திருச்சி ஜெயிலில் போட்டார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே, குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் பெயரைப் பதிந்துகொள்கிறோம் என்று அரசாங்கத்திலிருந்து அதிகாரி வந்தார். பெயர் பதிந்துவிட்டால் மிராசுதார் நினைத்தபோது நம்மை வெளியேற்ற முடியாது. பதியாவிட்டால் அடுத்த நடவுக்கு வயலில் கால் வைக்க முடியாது. பள்ளிக்கூட வராந்தாவில் விசாரணை. மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் கெட்டிக்காரர், அன்றைக்கென்று பார்த்து ஊர்ப் பெண்கள் எல்லோரையும் பண்ணை நடவுக்கு அழைத்துக்கொண்டார். காசிம் பாயும் ஊரில் இல்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு நான் ஒருத்தியாகப் போய் நின்றேன். நீ கீழே மணலில் விளையாடிக்கொண்டிருந்தாய். சாகுபடி செய்வது யார் என்று அதிகாரி கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் என்றேன். பெயர் என்றார். வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. பழக்கதோஷம், சுவாமிமலை சாமி பெயருங்க என்றேன். எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. காரியக்காரர்தான் இருந்தார்.

அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சுப்பிரமணியன்னு எழுதிக்குங்க சார். நம்ம பண்ணையாருக்கு மச்சினர். அவர்தான் அந்த நிலத்துல சாகுபடி. இந்தம்மாவோட வீட்டுக்காரரு கூலி வேலை" என்றார். அதுவும் அந்தச் சாமி பெயர்தானே, நான் என்ன சொல்ல? அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார். என் கண் முன்னால் நம் நிலம் போகிறது.  சாமிநாதன் என்று சொல்ல வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். நீ உன் டீச்சர் மேஜை பக்கத்தில் நிற்கும்போது சொல்ல வேண்டியதுதானே? வரவில்லை, அவ்வளவுதான். தினமும் கத்திக் கத்திப் பழகியது ஒன்றுதான் வந்தது. மணலைப் பார்த்துத் திரும்பி, பள்ளிக்கூடமே அதிர, "செழியன் சாமிநாதனோவிச்!" என்று கத்தினேன். நீ வழக்கம்போல் எழுந்து ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாய். அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "யாரைம்மா கூப்பிட்டீங்க?" என்றார். "என் புள்ளைங்க. ரஷ்யாக்காரம்மா வெச்ச பேரு. அவங்க ஊருல புள்ளை பேரோட அப்பா பேரும் சேர்ந்தே வருங்க" என்றேன். அவர் உன்னைப் பார்த்தார், காரியக்காரரைப் பார்த்தார். இதெல்லாம் ஒரு சாட்சியா என்று காரியக்காரர் துள்ளினார். அதிகாரி எழுந்துவிட்டார். குடையை எடுத்துக்கொண்டு நேரே பண்ணை வயலுக்கு நடந்தார். வரப்பில் நின்று, வாய்க்கால் ஓரத்து நம் நிலத்தைக் காட்டி, அங்கே சாகுபடி யார் என்று நட்டுக்கொண்டிருந்த பெண்களைக் கேட்டார். அவர்களுக்கு என்ன, அவர்கள் புருஷனா? அன்றைய கூலி போனாலும் போகட்டும் என்று, குனிந்த முதுகை நிமிர்த்தி எல்லோரும் ஒரே குரலில் சாமிநாதன் என்றார்கள். அந்தப் பெயர்தான் பதிவாயிற்று. அந்த நிலத்து நெல்லைத்தான் தபால்காரர் சைக்கிளில் மிதித்துக்கொண்டு வந்தார்.

உன் அப்பா ஜெயிலிலிருந்து வந்து இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. "என் பேரைச் சொல்றதுக்கு ரஷ்யா வழியாத்தான் வரணுமா?" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கிண்டல் ஓயவில்லை. அந்தக் கோபுரத்துக்காரர்களுக்கு எண்ணெய் ஒன்றும் கிடைக்கவில்லை போலும், ஒரு கோடையில் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கலீனா ஸ்தெபானவ்னா போகும்போது மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார், பிறகுதான் என்னை. கொஞ்ச காலம் கடிதம் வந்தது, முகாமில் எழுத்தும் பழகியிருந்த காசிம் பாய் படித்துச் சொல்வார். அவர் மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு படிக்க ஆளில்லை, பிறகு கடிதமும் நின்றுவிட்டது. உனக்கு ரஷ்யாவில் இடம் கிடைத்தது என்று சங்கத்திலிருந்து வந்து சொன்னபோது உன் அப்பா சந்தோஷப்பட்டது வேறு, நான் சந்தோஷப்பட்டது வேறு. அந்த முழுப் பெயரில் உன்னைக் கூப்பிட ஓர் ஊரே இருக்கிறது என்று நினைத்தேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு நிற்கிறாய். உன் டீச்சரம்மாள் அங்கே என்ன நினைத்துக்கொண்டிருப்பார் தெரியுமா? இந்தியாவிலிருந்து வந்த பையன் திமிர் பிடித்தவன், எழுத்தில் முதலாவதாக வருகிற கர்வம், என் பெயரைக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறான் என்று நினைத்திருப்பார். நீ தூக்குவாளி மூடியைத் தட்டிக்கொண்டிருக்கிறாய், தம்பி. ஒரு பாஷையைக் கற்றுக்கொள்வது என்றால் அவர்கள் வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு நம் மரியாதையை நாமே வைத்துக்கொள்வது இல்லை. அவர்கள் மரியாதையையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். பாவெல் என்று ஒருவர் எங்கேயோ இருந்தார், அவர் மகள் நீனா. அவர் இருக்கிறாரோ இல்லையோ நமக்குத் தெரியாது. நீ கூப்பிட்டால் அவரும் கூட வருவார். அதனால் போய்க் கூப்பிடு. தப்பு வந்தால் வரட்டும். ரொட்டிக் கடையில் விரலைக் காட்டி வாங்குவதாக எழுதியிருந்தாய், அதையும் நிறுத்து, வாயால் கேட்டு வாங்கு. விடுதியில் கூட்டிப் பெருக்கும் அம்மாள் இருப்பாரே, அவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள். வாளியைத் தூக்கிக் கொடு, பேச்சு தானாக வரும். பிடுங்கி நட்ட நாற்று முதலில் மஞ்சளடித்துத் துவண்டுதான் நிற்கும். அதற்காக யாரும் பிடுங்கித் திரும்ப நாற்றங்காலில் கொண்டுபோய் வைப்பதில்லை. இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதுவரை காலையில் எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்கே உறுத்தியது. மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்று இவ்வளவு அதட்டுகிறவள், தான் மட்டும் என்னங்க என்று காலம் தள்ளிக்கொண்டிருக்கிறாள். பேனாவை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். உன் அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வைக்கோல் போரைச் சரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். முதலில் உன் ரஷ்யாக்காரர்கள் மரியாதையிலேயே ஆரம்பிக்கலாம் என்று, "சாமிநாதன் ரத்தினோவிச்" என்றேன். யோசித்துப் பார், ஒரே மூச்சில் புருஷன் பெயரும் மாமனார் பெயரும். அவர் திரும்பவில்லை. ரேடியோவில் ஏதோ சொல்கிறான் என்று நினைத்தாராம். கண்ணை மூடிக்கொண்டேன். வால் கொம்பு ஒன்றும் இல்லாமல், "சாமிநாதன்" என்று கூப்பிட்டேன்.

வைக்கோல் கட்டு அவர் கையிலிருந்து விழுந்தது. தலையெல்லாம் தூசியோடு ஓடி வந்தார். "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. உங்களைத்தான் கூப்பிட்டேன்."

 அவருக்குக் கண் கலங்கியது. தூசி விழுந்துவிட்டது என்று துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி, "இன்னொரு தடவை கூப்பிடு" என்றார்.

"ஒரு தடவைக்கே எனக்கு நாக்கு வறண்டு போச்சு. உங்க புள்ளை அங்க அவன் டீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்னு எழுதட்டும். அதுக்கப்புறம்தான் இன்னொண்ணு."

அவர் விழுந்து கிடந்த வைக்கோல் கட்டை எடுத்துப் போரில் சாத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப அவனை அங்கேயே இருக்கச் சொல்லி எழுது. நானும் சொன்னேன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். உறையின் மேல் உன் பெயரை முழுசாக இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன், அங்கே யார் படித்தாலும் சரியாகக் கூப்பிடுவார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிடு. நீனா பாவ்லவ்னாவை நாளைக்கே கூப்பிடு, கூப்பிட்டதும் எழுது. இப்போதே சைக்கிள் மணி கேட்டால் போதும், உன் அப்பா வாசலுக்கு ஓடி வந்து நிற்கிறார்.

உன் அம்மா